பாக்கி கேட்டு ஒரு கடிதம்: பணம் வர வேண்டுமானால் அதில் என்ன இருக்க வேண்டும்?

"சார், அந்த பேமென்ட் கொஞ்சம் பாருங்க."

"அடுத்த வாரம் கண்டிப்பா போட்டுர்றேங்க."

"சார், மூணு வாரம் ஆச்சு..."

"ஆடிட்டர் ஊர்ல இல்லைங்க. வந்ததும் முடிச்சிடலாம்."

சின்னதாகத் தொழில் செய்கிற பலருடைய வாட்ஸ்அப்பில் இப்படி ஓர் உரையாடல் இருக்கும். கோவையில் லேத் பட்டறை வைத்து பம்ப் உதிரிபாகம் செய்து கொடுப்பவர், திருப்பூரில் பிரின்டிங் ஜாப் ஒர்க் எடுப்பவர், சென்னையில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து தரும் ஃப்ரீலான்சர் என யாராக இருந்தாலும் கதை ஒன்றுதான். வேலை முடிந்துவிட்டது, பில் போய்விட்டது, பணம் மட்டும் வரவில்லை.

பிரச்சினை எப்போது பெரிதாகிறது? ஆர்டர் கொடுத்த பர்ச்சேஸ் மேனேஜர் வேலையை விட்டுப் போகும்போது. புதிதாக வந்தவர், "எந்த பில்லு? யாரு ஆர்டர் கொடுத்தது? சரக்கு வந்ததுக்கு ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்பார். போனைத் திறந்து பார்த்தால் நம்மிடம் இருப்பது நாற்பது 'பாருங்க சார்' மட்டும்தான். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தந்திருக்க வேண்டும், இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது என்பது ஒரு மெசேஜில்கூட இருக்காது.

ஒழுங்கான ஒரு பிசினஸ் கடிதத்தின் மதிப்பு அப்போதுதான் புரியும். அது மெயிலாகவும் இருக்கலாம், லெட்டர்ஹெட்டில் அடித்த கடிதமாகவும் இருக்கலாம். அதை எப்படி எழுதுவது? சட்டம் அதற்கு என்ன பலம் தருகிறது? பார்ப்போம்.

யாருக்காக எழுதுகிறோம்?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு லீவ் லெட்டர் மனப்பாடம் செய்திருப்போம். காய்ச்சல் என்று ஒரே வரி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிவு. அதைப் படிக்கும் டீச்சருக்கு நம்மைத் தெரியும், காய்ச்சலும் தெரியும். அதனால் அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது.

தொழில் கடிதம் அப்படி இல்லை. அதை இரண்டு பேர் படிப்பார்கள். முதல் ஆள், இன்றைக்கு நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர். இரண்டாவது ஆள், ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து அந்த ஃபைலைத் திறக்கப்போகிறவர். புது மேனேஜராக இருக்கலாம், ஆடிட்டராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியாகவும் இருக்கலாம். அவருக்கு உங்களைத் தெரியாது. நடந்த எதுவும் தெரியாது. போனில் என்ன பேசினீர்கள் என்பதும் தெரியாது.

அந்த இரண்டாவது ஆளை மனதில் வைத்து எழுதுவதுதான் நல்ல பிசினஸ் கடிதத்தின் அடிப்படை. அவருக்குப் புரியும்படி எழுதினால், முதல் ஆளால் 'எந்த பில்லுன்னு தெரியலைங்களே' என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது.

எல்லோரும் எழுதும் கடிதம்

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு சிறு பட்டறை, ஒரு பம்ப் நிறுவனத்துக்கு ஷாஃப்ட் செய்து கொடுத்திருக்கிறது. இரண்டு பில்கள். நடுவில் 50,000 ரூபாய் மட்டும் வந்திருக்கிறது. பொறுத்துப் பார்த்த உரிமையாளர் ஒருநாள் இப்படி எழுதுகிறார்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்துடன் நாங்கள் பல ஆண்டுகளாகத் தொழில் தொடர்பு வைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. பலமுறை போனில் கேட்டும் எங்கள் பாக்கித் தொகை இன்னும் வரவில்லை. இதனால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும், லோன் கட்டவும் மிகவும் சிரமப்படுகிறோம். எங்களைப் போன்ற சிறிய ஆட்களை இப்படி அலையவிடுவது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எனவே தயவுசெய்து கூடிய விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் இதை வைத்து என்ன செய்ய முடியும்? எவ்வளவு பாக்கி என்று இல்லை. பில் நம்பர் இல்லை. 'கூடிய விரைவில்' என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத தேதி. 'ஆவன செய்யவும்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று போட்டு இதே தவறைத்தான் செய்கிறார்கள். கேட்டது மாதிரி இருக்கும். ஆனால் எதையும் கேட்டிருக்காது.

சம்பளம், லோன் கஷ்டமெல்லாம் உண்மையாக இருந்தாலும், அது அந்த நிறுவனம் பணம் தருவதற்கான காரணம் அல்ல. சரக்கு வாங்கியதும், தவணை முடிந்ததும்தான் காரணம். கடிதத்தில் இருக்க வேண்டியது அதுதான்.

அதே விஷயம், வேறு மாதிரி

எழுத உட்காரும் முன் நான்கு காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர், பில் நகல், சரக்கு இறங்கியதற்குக் கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான், பணம் வந்ததற்கான வங்கிப் பதிவு. இவை இல்லாமல் நினைவிலிருந்து எழுதினால் ஏதாவது ஒரு எண் தவறாகப் போகும். அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடும்.

இப்போது கடிதம்:

நாள்: 10.07.2025

பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு

பொருள்: பாக்கி ரூ.2,34,500 - பில் எண் 118, 131 - 21.07.2025-க்குள் செலுத்தக் கோருதல்

பார்வை: தங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் எண் 47, நாள் 20.02.2025

ஐயா,

மேற்கண்ட ஆர்டரின்படி நாங்கள் அனுப்பிய ஷாஃப்ட்கள் தங்கள் ஸ்டோரில் பெறப்பட்டுள்ளன. ஆர்டரில் குறிப்பிட்ட கடன் தவணை, சரக்கு பெற்றதிலிருந்து 30 நாள். கணக்கு விவரம்:

பில் 118: சரக்கு பெற்ற நாள் 12.03.2025. தொகை ரூ.1,62,000. செலுத்த வேண்டிய நாள் 11.04.2025. வந்தது ரூ.50,000 (20.05.2025). பாக்கி ரூ.1,12,000.

பில் 131: சரக்கு பெற்ற நாள் 28.03.2025. தொகை ரூ.1,22,500. செலுத்த வேண்டிய நாள் 27.04.2025. பாக்கி ரூ.1,22,500.

மொத்த பாக்கி ரூ.2,34,500.

இந்தத் தொகையை 21.07.2025 திங்கள்கிழமைக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் கணக்கில் தொகை வேறாக இருந்தாலோ, சரக்கு குறித்து ஏதேனும் கேள்வி இருந்தாலோ, 16.07.2025-க்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தங்கள் கணக்குப்படி பாக்கி எவ்வளவு என்பதையும் பதிலில் உறுதிசெய்து அனுப்பவும்.

இணைப்பு: பர்ச்சேஸ் ஆர்டர், இரு பில்கள், டெலிவரி சலான் நகல்கள்.

இப்படிக்கு,
(பெயர், பொறுப்பு, போன் எண், உத்யம் பதிவு எண்)

இதில் ஒரு வார்த்தைகூட கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆனால் முதல் கடிதத்தைவிட இது பல மடங்கு அழுத்தமானது.

ஒவ்வொரு வரியும் ஏன்?

பொருள்: அரசு அலுவலகக் கடிதங்களில் நாம் பார்த்துப் பழகிய 'பொருள்', 'பார்வை' இரண்டும் பழைய சம்பிரதாயம் மாதிரி தெரியும். உண்மையில் மெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. மெயிலின் சப்ஜெக்ட் வரியில் 'பேமென்ட் ரிமைண்டர்' என்று மட்டும் போட்டால், அதே தலைப்பில் வந்திருக்கும் மற்ற மெயில்களோடு கலந்துவிடும். தொகை, பில் எண், தேதி மூன்றும் சப்ஜெக்டிலேயே இருந்தால், மெயிலைத் திறக்காமலே விஷயம் புரியும். நாளை தேடும்போதும் உடனே கிடைக்கும்.

பார்வை: பேச்சு எங்கே தொடங்கியது என்பதை இது காட்டுகிறது. ஆர்டரே இல்லாமல் வாய்மொழியாக வேலை செய்திருந்தால், 'தங்கள் மேலாளர் 20.02.2025 அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டர்' என்று போட்டு அதன் படத்தை இணைக்கலாம்.

கணக்கு விவரம்: ஒரு பில்லுக்கு ஒரு பத்தி. வந்த பணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். 50,000 ரூபாய் வந்ததை நீங்களே எழுதும்போது, மீதிக் கணக்கின் மீதும் நம்பிக்கை வரும்.

ஒரே கோரிக்கை, ஒரே தேதி: பாக்கி கேட்கும் கடிதத்தில் அடுத்த ஆர்டரையும், ரேட் உயர்வையும் சேர்க்காதீர்கள். படிப்பவர் தனக்கு எளிதானதற்கு மட்டும் பதில் போட்டுவிட்டுப் பாக்கியை விட்டுவிடுவார். ரேட் பற்றி எழுத வேண்டுமா? அது தனிக் கடிதம்.

பதில் சொல்ல வழி: 'தொகை வேறாக இருந்தால் தெரிவியுங்கள்' என்ற வரி வெறும் மரியாதைக்கானது அல்ல. எதிர்த்தரப்புக்கு உண்மையிலேயே ஆட்சேபணை இருந்தால் அது இப்போதே வெளியே வரும். இல்லையென்றால், 'கேட்டோம், ஒன்றும் சொல்லவில்லை' என்பதற்கு உங்களிடம் பதிவு இருக்கும். கடைசியாக இருக்கும் 'பாக்கியை உறுதிசெய்து அனுப்பவும்' என்ற வரிக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. அது கீழே வருகிறது.

45 நாள் சட்டம் தெரியுமா?

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-ல் வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்குபவர் எப்போது பணம் தர வேண்டும் என்று அதன் 15-வது பிரிவு சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள். ஆனால் ஒப்பந்தத்தில் 90 நாள், 120 நாள் என்று போட்டிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லையென்றால் 15 நாள்தான்.

தவறினால்? 16-வது பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி 16.5 சதவீதம். ஒரு லட்சம் ரூபாயை ஒரு வருடம் இழுத்தடித்தால் சுமார் 17,800 ரூபாய் வட்டி சேரும்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரியில் ஒரு விதி சேர்க்கப்பட்டது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை மேற்சொன்ன கெடு தாண்டியும் தராமல் நிதியாண்டை முடித்தால், வாங்கியவர் அந்த ஆண்டில் அதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. எந்த ஆண்டில் பணம் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்க முடியும். அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்து ஆடிட்டரே கணக்குப் பிரிவைக் கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க 'உத்யம்' பதிவு வேண்டும். இது ஆன்லைனில் இலவசம். ஆர்டர் எடுக்கும் முன்பே பதிவு செய்துவிடுவது பாதுகாப்பானது. பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் பதிவு எண்ணைப் போடுங்கள். சேவை தருபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் டிசைனர், டெவலப்பர் போன்ற ஃப்ரீலான்சர்களும் பயன்பெறலாம். நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் வியாபாரிகளாகப் பதிவு செய்தவர்களுக்கும் இந்தத் தாமத வட்டிச் சலுகை கிடையாது.

கடிதம் போட்டால் காலக்கெடு நீளுமா?

நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. பாக்கிக்காக நீதிமன்றம் போவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு. கடன் தவணை முடிந்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 'நாமதான் மாசாமாசம் ரிமைண்டர் அனுப்பிட்டே இருக்கோமே' என்று பலர் தைரியமாக இருப்பார்கள்.

நீங்கள் நூறு கடிதம் போட்டாலும் அந்தக் கெடு ஒருநாள்கூட நீளாது. ஆனால் அவர் போடும் ஒரே பதில் போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. மூன்று ஆண்டு முடிவதற்குள், கடன்பட்டவர் 'ஆமாம், இந்தப் பாக்கி இருக்கிறது' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

அதனால்தான் 'பாக்கி எவ்வளவு என்பதை உறுதிசெய்யவும்' என்ற வரி முக்கியம். "பணம் டைட்டா இருக்குங்க, ரெண்டு மாசத்துல தந்துர்றோம்" என்று போனில் சொன்னால், "சரிங்க சார், அதையே ஒரு மெயில்ல போட்டுடுங்க" என்று கேளுங்கள். மெயிலில் வந்த ஒப்புதலையும் செல்லும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. இருந்தாலும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை. ஆண்டுதோறும் மார்ச் 31-ம் தேதி நிலவரப்படி பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றைத் தயார் செய்து, பார்ட்டிகளிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல பழக்கம். ஆடிட்டுக்கும் அது தேவைப்படும் என்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

செக் திரும்பினால் கணக்கே வேறு. வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். இதில் தேதி தவறினால் வழக்கே நிற்காமல் போகலாம். எனவே செக் திரும்பிய அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

நீங்கள் வாங்குபவராக இருந்தால்?

இளம் வேலைக்காரர்கள் பலர் பணம் தரும் பக்கத்தில் இருப்பார்கள். நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறீர்கள், வந்த சரக்கில் குறை என்று வைத்துக்கொள்வோம். சப்ளையருக்கு போன் போட்டு, "என்னங்க இது, பத்து பீஸ் அளவே சரியில்ல" என்று சொன்னால் வேலை முடிந்ததா? இல்லை.

அதே 2006 சட்டத்தின்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். போனில் திட்டியது கணக்கில் வராது. எனவே எந்த பில், எத்தனை பீஸ், ஆர்டரில் கேட்ட அளவு என்ன, வந்த அளவு என்ன, மாற்றித் தர வேண்டுமா, தொகையைக் குறைக்க வேண்டுமா என்று அன்றே ஒரு மெயில் போடுங்கள். படங்களையும் இணையுங்கள். 'உங்கள் தரம் ரொம்ப மோசம்' என்ற வரியைவிட, '200-ல் 10 ஷாஃப்ட்களில் விட்டம் அரை மில்லிமீட்டர் குறைவு' என்ற வரிக்குத்தான் பதில் வரும்.

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லையா?

எடுத்த எடுப்பிலேயே சட்டப்பிரிவுகளை அடுக்க வேண்டாம். முதல் கடிதம் கணக்கை மட்டும் சொல்லட்டும். அடுத்த ஆர்டரும் அதே பார்ட்டியிடமிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

குறித்த தேதி தாண்டியதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தின் தேதியைப் 'பார்வை'யில் போட்டு, இணைப்புகளை மறுபடி வைத்து, 2006 சட்டப்படி வட்டி கோரும் உரிமை எங்களுக்கு உண்டு என்று ஒரே வரியில் சொல்லலாம். நகலை நிதிப் பிரிவுத் தலைவருக்கோ நிர்வாக இயக்குநருக்கோ அனுப்பலாம்.

மூன்றாவது கடிதம் இறுதியானது. இந்தத் தேதிக்குள் வராவிட்டால் வசதிப்படுத்தும் மன்றத்தை அணுகுவோம் என்று அதில் எழுதுகிறீர்கள் என்றால், அந்தத் தேதிக்கு மறுநாள் அதைச் செய்ய வேண்டும். செய்யாத எச்சரிக்கையை இரண்டாவது முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்த மன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என மண்டல வாரியாகச் செயல்படுகின்றன. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இந்த வசதியை 2017-ல் 'சமாதான்' என்ற பெயரில் ஒன்றிய அரசு தொடங்கியது. மன்றம் முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் நடுவர் விசாரணை. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் தாமதம் ஆவதுண்டு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். அங்கே உங்கள் மூன்று கடிதங்களையும் படிக்கப்போகிறவர்தான் நாம் முதலில் பேசிய அந்த இரண்டாவது ஆள்.

எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாதவை சில உண்டு. 'உங்கள் கஸ்டமர்களிடம் சொல்லிவிடுவேன்', 'பேஸ்புக்கில் போட்டு நாறடிப்பேன்' போன்ற மிரட்டல்கள், தனிநபர் வசவு, சாதி, குடும்பம் பற்றிய பேச்சு. பணம் தர வேண்டியவரே உங்கள் மீது புகார் கொடுக்கும் நிலையை இவை உருவாக்கிவிடும்.

எப்படி அனுப்புவது?

மெயில் போதுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணு ஆவணத்துக்கு அங்கீகாரம் தருகிறது. வாட்ஸ்அப் மெசேஜும் சாட்சியமாகலாம். ஆனால் நீதிமன்றத்தில் வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். போன் தொலைந்தால், மெசேஜ் தானாக அழியும்படி வைத்திருந்தால், அதுவும் போச்சு. எனவே வாட்ஸ்அப்பில் நினைவூட்டுங்கள், மெயிலில் பதிவு செய்யுங்கள். போனில் பேசி முடித்ததும், 'இன்று காலை பேசியதன்படி, 25-ம் தேதி ஒரு லட்சமும் மீதி ஆகஸ்ட் 10-ம் தேதியும் தருவதாகச் சொன்னீர்கள்' என்று இரண்டு வரி மெயில் போடுவது மிக எளிய, மிகப் பயனுள்ள பழக்கம்.

இறுதிக் கடிதத்தை மட்டும் தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதில் பதிவு வசதியுடன் அனுப்பி, ரசீதையும் ஒப்படைத்த விவரத்தையும் ஃபைலில் வையுங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா? ஏஐ எழுதலாமா?

படிப்பவருக்கு எது வசதியோ அந்த மொழி. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குத் தமிழில் எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. புனேயில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலம்தான் சரி. இலக்கணத்தில் சின்னப் பிழை இருந்தால் யாரும் கடிதத்தைத் தள்ளிவைக்க மாட்டார்கள். தேதியும் தொகையும் தப்பாக இருந்தால் தள்ளிவைப்பார்கள்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றை வைத்து எழுதுவதும் இப்போது சகஜம். நடையைச் சரிசெய்ய அவை உதவும். ஆனால் 'பேமென்ட் ரிமைண்டர் எழுதிக் கொடு' என்று மட்டும் கேட்டால், 'தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்' என்று தொடங்கி மூன்று பத்திக்கு இனிப்பாகப் பேசி, பில் நம்பருக்குக் காலி இடம் விட்டு வைக்கும். விவரங்களை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது சொல்லும் சட்டப்பிரிவுகளை அப்படியே நம்பிப் போடாதீர்கள், சரிபாருங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

கடிதத்தை இந்த விவகாரமே தெரியாத ஒருவரிடம், வீட்டில் இருப்பவரிடமோ பக்கத்து சீட் நண்பரிடமோ கொடுங்கள். ஒரே ஒரு முறை படிக்கச் சொல்லிவிட்டு ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. யார் யாருக்குத் தர வேண்டும்?
2. எவ்வளவு?
3. எதற்காக?
4. எப்போது தந்திருக்க வேண்டும்?
5. இப்போது என்ன செய்யச் சொல்கிறோம், எந்தத் தேதிக்குள்?

ஐந்துக்கும் தயங்காமல் பதில் வந்தால் அனுப்பிவிடலாம். ஒன்றுக்காவது "அது தெரியலையே" என்றால், அந்த விவரத்தைச் சேருங்கள். 'அந்த பேமென்ட் கொஞ்சம் பாருங்க' என்று நாற்பது முறை கேட்பதைவிட, இந்த ஐந்து பதிலும் இருக்கும் ஒரு பக்கத்தை எழுத அரைமணி நேரம் செலவிடுவது மேல்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. பெரிய தொகை, சர்ச்சைக்குரிய கணக்கு, காலக்கெடு நெருங்கும் பாக்கி என்றால் உங்கள் ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கலந்து பேசி முடிவெடுங்கள்.)